சந்தை நாளிலிருந்து பின்னோக்கி: குடும்பப் பண்ணையில் வசந்தகாலப் பணிகளுக்கு ஒரு வழிகாட்டி

குளிர்காலத்தில் நிலம் உறைந்து வசந்தத்தில் இளகும் பகுதிகளில், ஒரு குடும்பம் தன் சொந்த உழைப்பில் நடத்தும் சிறு பண்ணைக்குப் புதிதாக வருபவர்களுக்காக இந்த வழிகாட்டி எழுதப்படுகிறது. ஒன்றிரண்டு ஏக்கரில் காய்கறி, ஒரு கூண்டு நிறையக் கோழிகள், சில செம்மறியாடுகள், வாரம் ஒருமுறை கூடும் உள்ளூர்ச் சந்தையில் ஒரு மேசை என்ற அளவை மனத்தில் கொண்டே இங்கு எண்களும் யோசனைகளும் தரப்படுகின்றன. பனி உருகியதும் மண்வெட்டியோடு வயலில் இறங்கிவிடுவது புதியவர்களின் இயல்பு. விற்பதற்காகப் பயிரிடுபவரோ சந்தை மேசையில் எந்த வாரம் என்ன இருக்க வேண்டும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கி, நாட்களைப் பின்னோக்கி எண்ணிக்கொண்டே விதை வரைக்கும் வர வேண்டும். எந்த வேலையை எப்போது செய்வது என்ற குழப்பத்தில் பாதி இந்த ஒரு பழக்கத்தாலேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதி வானத்தின் கையில் இருக்கிறது.

சந்தையை முதலில் பாருங்கள்

பல சந்தைகளில் வரும் பருவத்துக்கான மேசைகளைக் குளிர்காலத்திலேயே ஒதுக்கி முடித்துவிடுகிறார்கள். ஆகவே, விதை வாங்குவதற்கு முன்பே சந்தையை நடத்துபவர்களிடம் பேசிவிடுங்கள். வாடகை நிலையான தொகையா அல்லது விற்பனையில் ஒரு பங்கா, சொந்தமாக விளைந்ததை மட்டும்தான் விற்க வேண்டுமா, அண்டை வயலின் விளைச்சலையும் கொண்டுவரலாமா, ஒரு வாரம் வர முடியாவிட்டால் இடம் பறிபோகுமா, முட்டைக்கும் நாற்றுக்கும் தனி அனுமதி வேண்டுமா, காப்பீடு கேட்பார்களா என்பவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்வது நல்லது. முட்டை, நாற்று, சமைத்த பண்டம் ஆகிய மூன்றுக்கும் விதிகள் நாட்டுக்கு நாடு வெகுவாக மாறுபடும். பக்கத்து மேசைக்காரர் சொல்வதை நம்பிவிடாமல் உரிய அலுவலகத்திலேயே கேளுங்கள்.

அடுத்து, அதே சந்தைக்கு வாங்குபவராகப் போய்வாருங்கள். ஒருமுறை திறக்கும் நேரத்திலும் இன்னொருமுறை மூடும் நேரத்திலும் போவது நலம். திறக்கும்போது எந்த மேசையின் முன்னால் கூட்டம் சேர்கிறது என்பது தெரியும்; மூடும்போது எது மீந்து கிடக்கிறது என்பது தெரியும். ஏற்கெனவே ஐந்து பேர் கொண்டுவரும் லெட்யூஸ் என்ற சாலட் கீரையை ஆறாவது ஆளாக நீங்களும் கொண்டுபோவதில் பயனில்லை. அங்கே இல்லாதது எது என்று பாருங்கள்.

வசந்தத்தின் தொடக்க வாரங்களில் பெரும்பாலும் எதுவுமே போதிய அளவில் இருக்காது. சேமித்து வைத்த கிழங்குகளும் முட்டைக்கோஸும் தீர்ந்துபோய், புதிய விளைச்சல் இன்னும் கைக்கு வராத பஞ்சமான இடைவெளி அது. வெயில் இதமாக இருக்கும், மக்கள் பச்சையாக எதையாவது வாங்கத் துடிப்பார்கள், வயலில் மட்டும் ஒன்றும் இருக்காது. இந்த இடைவெளியில் மேசையை நிரப்பக்கூடியவை சிலவே: முந்தைய ஆண்டிலேயே விதைத்துக் குளிரைத் தாங்கி நின்ற பாலக்கீரையும் லீக் என்ற வெங்காய இனப் பயிரும், ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் விளையும் ருபார்பும் (புளிப்பான தண்டு) அஸ்பாரகஸும் (இளந்தண்டுக் காய்கறி), பகல் நீளும்போது பெருகும் முட்டை, வீட்டுத் தோட்டக்காரர்களுக்கான நாற்றுகள், இவற்றோடு விரைவில் விளையும் முள்ளங்கி. அஸ்பாரகஸ் நட்டால் முதல் இரண்டு ஆண்டுகள் அறுவடையை மறந்துவிட வேண்டும் என்பதால், முதல் வசந்தத்துக்கு அது உதவாது. புதியவர்கள் நம்பியிருக்க வேண்டியவை முள்ளங்கியும் கீரைகளும் முட்டையும் நாற்றுகளும்தான்.

பின்னோக்கிய கணக்கு

ஒரு பெரிய தாளில் சந்தை நாட்களை மட்டும் வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொரு நாளுக்கும் எதிரே மேசையில் வைக்க விரும்பும் பொருளையும் அளவையும் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் விளைச்சல் நாட்களைக் கழியுங்கள். விதைப் பொட்டலங்களில் முள்ளங்கிக்கு 25 முதல் 30 நாள், பாலக்கீரைக்கு 40 முதல் 50 நாள், பட்டாணிக்கு 60 முதல் 70 நாள் என்று போட்டிருப்பார்கள். இந்த எண்கள் இதமான வானிலைக்கு உரியவை. மண் குளிர்ந்தும் பகல் குறுகியும் இருக்கும் காலத்தில், 28 நாள் முள்ளங்கி 40 நாளுக்கு மேலும் எடுத்துக்கொள்ளும். எனவே, முதல் விதைப்புக்கு ஒன்றரை வாரமோ இரண்டு வாரமோ கூட்டிக்கொண்டு, சந்தைக்கு 6 வாரம் முன்பாக முள்ளங்கியை விதையுங்கள்.

வாரந்தோறும் கீரை வேண்டுமென்றால் வாரந்தோறும் விதைக்க வேண்டும் என்று தோன்றும். வசந்தத்தின் தொடக்கத்தில் இந்தக் கணக்கு ஏமாற்றிவிடும். குளிரில் விதைத்தது முடங்கிக் கிடக்கும். 10 நாள் கழித்து விதைத்ததோ மண் சூடேறியபின் வேகமாக வளர்ந்து முன்னதை எட்டிப் பிடித்துவிடும். இரண்டும் ஒரே வாரத்தில் அறுவடைக்கு வந்து நிற்கும். நாட்களை எண்ணுவதைவிட, முதல் விதைப்பு முளைத்து முதல் உண்மையான இலையை (விதையிலைகளுக்கு அடுத்து வரும் இலையை) விட்டபின் அடுத்ததை விதைப்பது இந்தக் காலத்துக்குப் பொருத்தமான முறை. கோடை நெருங்கும்போது 10 முதல் 14 நாள் இடைவெளிக்கு மாறிக்கொள்ளலாம்.

இந்தத் தாளில் இன்னொரு முக்கியமான தேதியும் இடம்பெற வேண்டும்: உங்கள் பகுதியின் கடைசி உறைபனி நாள். வானிலைத் துறைகள் தரும் இந்தத் தேதி பொதுவாகச் சராசரிதான். ஏறத்தாழப் பாதி ஆண்டுகளில் அதற்குப் பிறகும் உறைபனி விழும் என்று பொருள் கொள்ளுங்கள். தக்காளி, வெள்ளரி, பீன்ஸ், பூசணி ஆகியவற்றை அந்தத் தேதியை நம்பி வெளியே நடுவது சூதாட்டம். பட்டாணி, பாலக்கீரை, முட்டைக்கோஸ் வகைகள், வெங்காயம் ஆகியவை லேசான உறைபனியைப் பொருட்படுத்துவதில்லை என்பதால், அவற்றை அந்தத் தேதிக்குப் பல வாரங்கள் முன்பே நிலத்தில் இறக்கிவிடலாம்.

மண்ணைத் தொடும் நேரம்

வசந்தத்தில் புதியவர்களின் அவசரம் மிகுந்த சேதம் விளைவிப்பது மண்ணில்தான். ஈரமான மண்ணை, அதிலும் களிமண்ணை, உழுதாலோ அதன்மேல் டிராக்டரை ஓட்டினாலோ மண்துகள்களுக்கு இடையிலிருந்த காற்றறைகள் நசுங்கிப்போகும். நீர் இறங்காது, வேர் நுழையாது, காய்ந்தபின் கட்டி கட்டியாக இறுகிவிடும். ஒரு நாள் அவசரத்தால் இறுகிய மண் பழைய நிலைக்குத் திரும்பப் பல ஆண்டுகள் ஆகலாம்.

சோதனை எளிது. மேற்பரப்பைப் பார்த்து முடிவு செய்யாமல், சுமார் 10 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து உள்ளங்கையில் வைத்து அழுத்தி உருண்டையாக்குங்கள். கையைத் திறந்து கட்டைவிரலால் உருண்டையின் நடுவில் லேசாகக் குத்துங்கள். அது பொலபொலவென உதிர்ந்தால் வேலையைத் தொடங்கலாம். விரல் பதிந்த குழியோடு உருண்டை அப்படியே நின்றாலோ, உள்ளங்கையில் பளபளப்பான ஈரத்தடம் ஒட்டியிருந்தாலோ, மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு வேறு வேலையைப் பாருங்கள். வயலின் உயரமான பகுதியும் தாழ்வான பகுதியும் ஒரே நாளில் பதத்துக்கு வருவதில்லை. இரண்டிலும் தனித்தனியே பிடித்துப் பார்க்க வேண்டும். முதலில் பதமாகும் பகுதியைக் குறித்து வைத்து, வருங்காலத்தில் முள்ளங்கியையும் கீரையையும் அங்கேயே ஒதுக்குவது புத்திசாலித்தனம்.

இரண்டாவது கருவி மண் வெப்பமானி. காலை எட்டு, ஒன்பது மணிக்கு 5 முதல் 10 செ.மீ. ஆழத்தில் செருகி, தொடர்ந்து சில நாட்கள் குறித்துக்கொள்ளுங்கள். 5 முதல் 7 டிகிரி செல்சியஸ் நிலைத்துவிட்டால் பட்டாணி, பாலக்கீரை, முள்ளங்கி, லெட்யூஸ் ஆகியவை மெதுவாகவேனும் முளைக்கும். பீன்ஸுக்கும் வெள்ளரிக்கும் 15 டிகிரிக்கு மேல் வேண்டும். குளிர்ந்த ஈரமண்ணில் விழுந்த பீன்ஸ் விதை முளைப்பதற்கு முன்பே அழுகிவிடும்.

உரத்தைப் பொறுத்தவரை, பின்னோக்கிய கணக்கு இங்கேயும் பேசுகிறது. புதிய சாணத்தில் மனிதருக்கு நோய் தரும் கிருமிகள் இருக்கலாம். அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதிகளின்படி, உண்ணும் பகுதி மண்ணைத் தொடும் பயிரானால் மக்காத சாணத்தை அறுவடைக்கு 120 நாள் முன்பும், தொடாத பயிரானால் 90 நாள் முன்பும் மண்ணில் கலந்திருக்க வேண்டும். சந்தைக்கு 6 வாரம் முன்பு விதைக்கும் முள்ளங்கிக்கு, வசந்தத்தில் போடும் புதுச் சாணம் எந்தக் கணக்கிலும் பொருந்தாது என்பது இதிலிருந்து விளங்கும். குவியலின் உட்புறம் 55 டிகிரிக்கு மேல் சூடேறி, பலமுறை புரட்டப்பட்டு, நன்றாக மக்கிய உரத்தை மட்டுமே இப்போது பயன்படுத்துங்கள். மண் பரிசோதனையில் அமிலத்தன்மை மிகுதி என்று வந்தால் இடும் சுண்ணாம்பும் பல மாதங்கள் கழித்தே முழுப் பலன் தரும். அதை இலையுதிர்காலத்துக்கான பட்டியலில் எழுதி வையுங்கள்.

பாத்தியைத் தயார் செய்த அன்றே விதைக்கவும் வேண்டாம். இரண்டு வாரம் முன்பாகவே பாத்தியைச் சமன்படுத்தி விட்டுவிட்டால், மேல்மண்ணிலுள்ள களை விதைகள் முளைத்துக்கொள்ளும். அவை நூல்போல் மெல்லிதாக இருக்கும்போதே அவற்றைக் களைக்கொத்தால் மேலாகச் சுரண்டிவிட்டு, மண்ணை ஆழமாகக் கிளறாமல் விதைத்தால், பின்னால் குனிந்து களை பறிக்கும் நேரம் வெகுவாகக் குறையும்.

நாற்றுகள்: வயலுக்கும் மேசைக்கும்

நாற்றுகளுக்கு இரண்டு பயன்கள் உண்டு. ஒரு பகுதி உங்கள் வயலுக்குப் போகிறது. இன்னொரு பகுதி நேரடியாகச் சந்தைக்குப் போகிறது. கடைசி உறைபனி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணும்போது வெங்காயத்துக்கு 10 முதல் 12 வாரம், மிளகாய் வகைகளுக்கு 8 முதல் 10 வாரம், தக்காளிக்கு 6 முதல் 8 வாரம், வெள்ளரிக்கும் பூசணிக்கும் 3 முதல் 4 வாரம் முன்பாகக் குழித்தட்டில் விதைக்க வேண்டும். சீக்கிரம் விதைத்தால் பெரிய செடி கிடைக்கும் என்று எண்ணுபவர்கள் உண்டு. தட்டில் வேர் சுருண்டு, தண்டு நீண்டு, பூவும் விட்டுவிட்ட தக்காளி நாற்றைவிட, 6 வாரத்தில் தடித்துக் குட்டையாக நிற்கும் நாற்று வயலில் நன்றாகப் பிடிக்கும். மேசையிலும் அதுவே விலைபோகும்.

தக்காளி விதை முளைக்க 21 முதல் 27 டிகிரி வேண்டும். முளைத்தபின் சற்றுக் குளிர்ந்த இடத்துக்கு மாற்றி, ஒரு நாளைக்கு 14 முதல் 16 மணி நேரம் விளக்கொளி கொடுத்தால் தண்டு நெட்டையாக ஓடாது. சன்னலோர வெளிச்சம் மட்டும் போதும் என்ற நம்பிக்கையால்தான் மெலிந்து சாய்ந்த நாற்றுகள் உருவாகின்றன. தினமும் பழக்கமாக நீர் ஊற்றுவதும் காற்றோட்டமில்லாத அறையும் சேர்ந்தால் நாற்றழுகல் வரும். மண் மட்டத்தில் தண்டு நூல்போல் இளைத்து, தட்டிலுள்ள நாற்றுகள் ஓரிரவில் சாய்ந்துவிடும். மேல்மண் காய்ந்து நிறம் வெளுத்தபின், தட்டின் அடியிலிருந்து நீரை உறிஞ்சவிடுவது பாதுகாப்பு. ஒரு சிறிய மின்விசிறியை மெல்ல ஓடவிடுவதும் பயன்தரும்.

வெளியே நடுவதற்கு 7 முதல் 10 நாள் முன்பிருந்து, நாற்றுகளைப் படிப்படியாக வெளிக்காற்றுக்கும் வெயிலுக்கும் பழக்க வேண்டும். முதல் நாள் காற்று மறைப்புள்ள நிழலில் ஓரிரண்டு மணி நேரம், பிறகு சற்று வெயில், பிறகு முழு நாள், கடைசியாக வெளியிலேயே ஓர் இரவு என்று நகர்த்துங்கள். விற்பனைக்கான நாற்றுகளில் இந்தப் படியைத் தவிர்ப்பது குறுகிய லாபம்: வாங்கியவர் வீட்டில் இரண்டே நாளில் இலை வெளுத்துப்போனால் அவர் அடுத்த வாரம் வேறு மேசைக்குப் போவார். ஒவ்வொரு தட்டிலும் வகையின் பெயர், நடும் இடைவெளி, உறைபனி தாங்குமா என்ற விவரம் ஆகியவற்றை எழுதிய பட்டையைச் செருகுங்கள்.

உறைபனி இரவு

பகல் முழுவதும் வானம் தெளிந்து, மாலையில் காற்று ஓய்ந்து, ஈரப்பதமும் குறைவாக இருந்தால் அன்றிரவு எச்சரிக்கையாக இருங்கள். மேகம் இல்லாத இரவில் நிலத்தின் வெப்பம் வானத்துக்கு வெளியேறிவிடுகிறது. குளிர்ந்த காற்று கனமானதால் பள்ளத்தில் தேங்குகிறது. வானிலை நிலையங்கள் தரையிலிருந்து ஓர் ஆள் உயரத்தில் அளப்பதால், முன்னறிவிப்பு 3 டிகிரி என்று சொல்லும் இரவிலும் இலை மட்டத்தில் பூச்சியத்துக்குக் கீழே போய்விடலாம். பாத்தி மட்டத்தில் ஒரு வெப்பமானியை வைத்து, முன்னறிவிப்போடு சில வாரங்கள் ஒப்பிட்டுப் பார்த்தால், உங்கள் வயலுக்கும் அறிவிப்புக்கும் உள்ள வேறுபாடு பிடிபடும்.

மூடுவதற்குரிய மெல்லிய நெய்யாத் துணி இரண்டு மூன்று டிகிரி வரை காக்கும். சூரியன் மறைவதற்கு முன்பே, மண்ணில் பகல் வெப்பம் மிச்சமிருக்கும்போதே, விளிம்புகள் தரையைத் தொடும்படி போர்த்தி, மண்ணாலோ கல்லாலோ அழுத்திவிடுங்கள். மண் வறண்டிருந்தால் முற்பகலில் நீர் பாய்ச்சுங்கள். ஈரமண் வறண்ட மண்ணைவிட அதிக வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பிளாஸ்டிக் தாள் இலையைத் தொட்டால் தொட்ட இடம் கருகும் என்பதால் வளைவுக் கம்பிகள் இல்லாமல் அதைப் பயன்படுத்த வேண்டாம். காலையில் வெயில் ஏறும்முன் அதை விலக்கவும் மறக்கக் கூடாது.

ஆடு, கோழி, மேய்ச்சல்

கால்நடைகளிலும் இதே கணக்குதான். செம்மறியாட்டின் சினைக்காலம் ஏறத்தாழ 147 நாள். கிடாவை மந்தையில் விடும் நாளே குட்டி ஈனும் வாரத்தைத் தீர்மானித்துவிடுகிறது. சந்தை தொடங்கும் வாரமும் ஆடுகள் ஈனும் வாரமும் ஒன்றாக வந்தால், இரவு முழுவதும் கொட்டகையில் விழித்திருந்தவர் விடிகாலையில் மேசை போட நேரும். இந்த வசந்தத்தில் அதை மாற்ற முடியாது. வரும் இலையுதிர்காலத்தில் கிடாவைச் சேர்க்கும்போது நினைவில் வையுங்கள்.

குட்டி பிறந்ததும் மூச்சு வருகிறதா என்று பார்த்து, தொப்புள்கொடியை அயோடின் கரைசலில் முக்கி, முதல் ஓரிரண்டு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்கச் செய்ய வேண்டும். சீம்பாலிலுள்ள நோயெதிர்ப்புப் பொருட்களைக் குட்டியின் குடல் முதல் ஒரு நாளுக்குள் மட்டுமே உறிஞ்சிக்கொள்ளும், அதிலும் நேரம் செல்லச்செல்ல அந்தத் திறன் விரைவாகக் குறையும் என்பதால் இதில் தாமதம் கூடாது. குடும்பத்தில் கருவுற்றிருக்கும் பெண்கள் இருந்தால் அவர்கள் ஈனும் ஆடுகளிடமும் புதிய குட்டிகளிடமும், அங்கே உடுத்திய அழுக்குத் துணிகளிடமும்கூட நெருங்கக் கூடாது. கருவைப் பாதிக்கும் தொற்றுகள் அவற்றிலிருந்து பரவக்கூடும். வேலையைப் பங்கிடும்போதே இதை முடிவு செய்துவிடுங்கள்.

வசந்தத்தில் கோழிக்குஞ்சு வாங்குபவர்கள் அந்த வசந்தத்திலேயே முட்டை விற்கலாம் என்று எண்ண வேண்டாம். குஞ்சு முட்டையிடும் பருவத்தை அடைய பொதுவாக 18 முதல் 22 வாரம் ஆகும். இப்போது மேசைக்கு முட்டை தருவது கடந்த ஆண்டுக் கோழிகளே. பகல் 14 மணி நேரத்தை நோக்கி நீள நீள அவற்றின் முட்டை பெருகும். புதுக்குஞ்சுகளுக்கான புரூடரில் (விளக்கால் சூடேற்றிய வளர்ப்புக் கூண்டில்) முதல் வாரம் 32 முதல் 35 டிகிரி வெப்பம் வைத்து, வாரத்துக்கு 3 டிகிரி வீதம் குறையுங்கள். வெப்பமானியைவிடக் குஞ்சுகளே தெளிவாகச் சொல்லும்: விளக்கின் அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கிக்கொண்டு கத்தினால் குளிர், விளிம்போரம் ஒதுங்கி வாய்திறந்து மூச்சிரைத்தால் சூடு, பரவலாகத் திரிந்து தீனி பொறுக்கினால் சரியான பதம்.

முட்டையைக் கழுவுவதா என்பதற்கு உலகெங்கும் ஒரே விடை இல்லை. அமெரிக்காவில் வணிக முட்டைகளைக் கழுவிக் குளிரூட்டியே விற்கிறார்கள்; ஐரோப்பிய ஒன்றியத்தில் ‘ஏ’ தர முட்டைகளைப் பொதுவாகக் கழுவக் கூடாது, காரணம் ஓட்டின் மேலுள்ள இயற்கைப் படலம் கரைந்துபோகும் என்பது. எந்த விதி உங்களுக்குப் பொருந்தினாலும், கோழிகள் முட்டையிடும் பெட்டியில் உலர்ந்த சுத்தமான வைக்கோல் இருந்தால் கழுவும் தேவையே பெரும்பாலும் எழாது.

புதிய பசும்புல்லைப் பார்த்ததும் ஆடுமாடுகளை முழுநாளும் திறந்துவிடுவது ஆபத்து. குளோவர் போன்ற பயறுவகைத் தழை மிகுந்த மேய்ச்சலில் வயிறு உப்புசம் வரும். வேகமாக வளரும் இளம்புல்லில் மெக்னீசியம் குறைவாக இருப்பதால் பால் தரும் மாடுகள் திடீரென்று தள்ளாடி விழுந்து, சில மணி நேரத்தில் இறந்துபோவதும் உண்டு. முதலில் உலர்புல் கொடுத்து வயிற்றை நிரப்பிவிட்டு, ஒரு மணி நேரத்தில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் மேய்ச்சல் நேரத்தைக் கூட்டுங்கள். மெக்னீசியம் கலந்த தாது உப்பு பற்றிக் கால்நடை மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். புல் 15 முதல் 20 செ.மீ. உயர்ந்தபின் மேயவிட்டு, பாதியளவு இருக்கும்போதே அடுத்த பகுதிக்கு மாற்றினால் மேய்ச்சல் நிலம் கோடைக்கும் தாங்கும்.

சந்தைக்கு முந்தைய நாள்

கீரைகளையும் லெட்யூஸையும் விடிந்தவுடன், இலையில் இரவுக் குளிர்ச்சி இருக்கும்போதே அறுக்க வேண்டும். நண்பகலில் அறுத்த லெட்யூஸ் வயலின் வெப்பத்தைத் தன்னுள் சுமந்துவரும். கூடையில் குவித்தால் உள்ளிருந்தே வதங்கும். அறுத்ததும் குளிர்ந்த நீரில் முக்கி, நீரை வடித்து, ஈரத்துணி போர்த்த பெட்டிகளில் 0 முதல் 4 டிகிரியில் வையுங்கள். கழுவும் நீர் குடிக்கத்தக்க தூய்மையோடு இருக்க வேண்டும். தொட்டி நீர் கலங்கியதும் மாற்றிவிடுங்கள். வயிற்றுப்போக்கு உள்ளவர் அன்று அறுவடையிலும் கழுவுவதிலும் கைவைக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே குளிரில் வைக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம்: வெள்ளரி, பீன்ஸ், துளசி வகைகள் போன்றவை மிகுந்த குளிரில் புள்ளி விழுந்தும் கறுத்தும் கெட்டுப்போகும்.

முள்ளங்கிக் கட்டு போடுவது சிறிய வேலைதான், ஆனால் மேசையின் தோற்றம் முழுக்க அதில் இருக்கிறது. இழுத்தெடுத்ததும் மண்ணை உதறி, மஞ்சளான இலையையும் வெடித்த கிழங்கையும் அங்கேயே கழித்துவிடுங்கள். ஒரே பருமனுள்ள எட்டு அல்லது பத்துக் கிழங்குகளின் தோள்கள் ஒரே வரிசையில் வரும்படி பிடித்து, இலைக் காம்புகள் பிரியும் இடத்துக்குச் சற்றுக் கீழே ரப்பர் வளையத்தை இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். தளர்வாகச் சுற்றினால் கழுவும்போதே உருவிக்கொள்ளும். இறுக்கினால் காம்பு நசுங்கிக் காலைக்குள் அழுகும். சரியாக அமைந்த முதல் கட்டை அளவுக்காகப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டால், மூன்று பேர் மூன்று கையால் போட்டாலும் கட்டுகள் ஒத்திருக்கும்.

மேசை

கூடாரத்தின் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 10 முதல் 15 கிலோ பாரம் கட்டுங்கள். வசந்தக் காற்று முன்னறிவிப்பில்லாமல் எழும். பறக்கும் கூடாரம் பக்கத்து மேசைக்காரரையும் காயப்படுத்தும். எடைபோட்டு விற்பதானால் அரசு முத்திரையிட்ட தராசு வேண்டும். முத்திரைக்கு நாள் ஆகும் என்றால் முதல் சில வாரங்கள் கட்டாகவும் எண்ணிக்கையாகவும் விற்கலாம். சில்லறைக் காசு போதிய அளவு எடுத்துச்செல்லுங்கள். கல்லாவை ஒருவரும் பொருளை இன்னொருவரும் கையாண்டால் சுத்தத்துக்கும் கணக்குக்கும் நல்லது.

விலைப்பலகை இல்லாத பொருளைக் கேட்டு வாங்கப் பலருக்குக் கூச்சம். நான்கடி தூரத்திலிருந்தே படிக்கும்படி எல்லாவற்றுக்கும் விலையை எழுதி வையுங்கள். விலையைத் தீர்மானிக்கும்போது விதை, உரம், வாடகை, எரிபொருள் ஆகியவற்றோடு குடும்பத்தாரின் உழைப்பு நேரத்தையும் சேர்க்க வேண்டும். வீட்டு ஆட்கள்தானே என்று அதைக் கழித்துவிடுவதால்தான் பல குடும்பப் பண்ணைகள் நன்றாக விற்றும் கையில் ஒன்றும் மிஞ்சாமல் தவிக்கின்றன. மூடும் நேரத்தில் விலையைக் குறைப்பதையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். நான்கு வாரம் அப்படிச் செய்தால் வழக்கமான வாடிக்கையாளர்களும் கடைசி நேரத்துக்காகக் காத்திருக்கப் பழகிவிடுவார்கள். பக்கத்து மேசைக்காரர்களின் மனமும் கசக்கும்.

பொருள் குறையக் குறையப் பெரிய கூடையிலிருந்து சிறிய கூடைக்கு மாற்றிக்கொண்டே இருங்கள். பாதி காலியான கூடையில் கிடப்பதை மற்றவர்கள் ஒதுக்கிவிட்ட மிச்சம் என்றே மக்கள் நினைக்கிறார்கள். கீரைகளின்மேல் அவ்வப்போது நீர் தெளியுங்கள், ஆனால் எல்லாவற்றையும் ஒரேயடியாக மேசையில் பரப்பாமல் பெரும்பகுதியை நிழலிலுள்ள பெட்டியில் வையுங்கள். சிறுவர்கள் உதவிக்கு வந்தால் நாற்றுப் பெயர்களை அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவர்கள் சொல்லும் விளக்கத்தைப் பெரியவர்கள் பொறுமையாகக் கேட்டு வாங்குவதுண்டு.

திரும்பியபின்

களைப்பில் விட்டுவிடத் தோன்றினாலும், அன்றிரவே ஒவ்வொரு பொருளுக்கும் நான்கு விவரங்களைக் குறிப்பேட்டில் எழுதிவிடுங்கள்: எவ்வளவு கொண்டுபோனீர்கள், எவ்வளவு விற்றது, எவ்வளவு திரும்பியது, எத்தனை மணிக்குத் தீர்ந்தது. இந்தக் கடைசி விவரத்தைப் பலர் எழுதுவதில்லை. 30 கட்டு முள்ளங்கி மூடும் நேரத்தில் தீர்ந்ததற்கும் முதல் ஒரு மணி நேரத்திலேயே தீர்ந்ததற்கும் இடையே, அடுத்த பாத்தியின் நீளத்தில் பெரிய வேறுபாடு இருக்கிறது. அன்றைய வானிலையையும் ஒரு சொல்லில் குறியுங்கள்; மழை நாளின் எண்களை வைத்து விதைப்பைக் குறைத்துவிட வேண்டாம். திரும்பிய கீரை மறுநாளே கெடும், ஆகவே உணவு வங்கிக்கோ கோழிகளுக்கோ அன்றே போகட்டும். முட்டையும் நாற்றும் அடுத்த வாரத்துக்குத் தாங்கும்.

மறுநாள் அந்தக் குறிப்பேட்டையும் சந்தைத் தேதிகள் எழுதிய தாளையும் பக்கத்தில் வைத்து அடுத்த விதைப்பைத் திருத்துங்கள். பகல் வெப்பம் தொடர்ந்து 25 டிகிரியைத் தாண்டத் தொடங்கியதும் லெட்யூஸ் விதை மண்ணிலேயே உறங்கிவிடும், முள்ளங்கி காரமேறிப் பூக்காம்பு விடும்; அந்த வாரத்திலிருந்து அவற்றுக்கான பாத்திகளைப் பீன்ஸுக்கும் வெள்ளரிக்கும் மாற்றிவிடுங்கள்.